எழுத்து இல்லாத குரலுக்கு இடமில்லை

என் தங்கைக்குக் காது கேட்காது. எனக்கு வாய் மூடாது. ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேரைப் பெற்றுவிட்டு அம்மா எப்படித்தான் நிதானமாக இருந்தாளோ, அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால், "ஒருத்தி பேசித் தீர்க்கிறா, ஒருத்தி பாத்துத் தீர்க்கிறா, எனக்கென்ன வேலை?" என்பாள்.

நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்தப் பஸ் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று மைக்கில் சொல்கிற வேலை. மைக் பழுதாகும் நாட்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலையை முடித்திருக்கிறேன், அப்பேர்ப்பட்ட தொண்டை. அதனால் டிரைவர்களும் கண்டக்டர்களும் என்னை லவுட்ஸ்பீக்கர் என்பார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. தங்கைக்கு அப்பா வைத்த செல்லப் பெயர் குண்டூசி. ஆள் ஒல்லி, குத்தினால் வலிக்கும், தொலைந்தால் வீடே தேடும். நான் சொல்லப்போவது அவளைப் பற்றித்தான். நடுநடுவே நான் மூக்கை நுழைப்பேன், பழக்க தோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குண்டூசி முதலில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் தட்டச்சு வேலை பார்த்தாள். ஜன்னல் இல்லாத அறை. வருகிறவர்கள் காகிதத்தை மேசையில் வைப்பார்கள், போய்விடுவார்கள். அடித்து முடித்ததை எடுக்க வருகிறவர்களும் அப்படித்தான். "இன்னிக்கு முழுக்க ஒருத்தரும் என் மூஞ்சியைப் பாக்கலக்கா" என்று வீட்டுக்கு வந்து கையால் சொல்வாள். உதடு அசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த முதலாளிக்கு எங்கே தெரியப்போகிறது?

அப்புறம் ஒரு பயிற்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. வீடுகளில் தங்கி நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு அங்கே பாடம் நடக்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றி உட்கார வைப்பது, புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, மூச்சை எப்படிக் கவனிப்பது, எல்லாம். வேலையை விட்டுவிட்டு வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காக ஆன்லைன் பாடம் தொடங்கினார்கள். பாடங்களைத் தட்டச்சு செய்து பக்கங்களில் ஏற்றத்தான் குண்டூசியை எடுத்தார்கள், அதுவும் தற்காலிகமாக.

போன வேகத்தில் இவள் ஒன்றைக் கவனித்தாள். ஆசிரியர்கள் பாடத்தின் அடியில் வெறும் லிங்க்கைக் கொடுத்து, 'வீடியோவை இங்கே பார்க்கவும்' என்று எழுதிவிடுவார்கள். அதை அழுத்தினால் பாடப் பக்கம் போய் வேறு தளம் திறக்கும். அங்கே பாட வீடியோவுக்குப் பக்கத்திலேயே குத்துச்சண்டை, சினிமாக் காமெடி, பூனைக்குட்டி. நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கக் கற்றுக்கொள்ளப் போனவர்கள் பூனைக்குட்டியோடு தங்கிவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

குண்டூசி என்ன செய்தாள் என்றால், வீடியோவைப் பக்கத்துக்குள்ளேயே பதித்தாள். 'முழங்காலை மடக்கி நில்லுங்கள்' என்ற வரி இருக்கிறதா, அதற்கு நேர் கீழே ஒரு சின்னப் பெட்டி, அதில் முக்கோணப் பொத்தான். அழுத்தினால் அங்கேயே ஓடும். வேறெங்கும் போக வேண்டாம். பாதியில் நோயாளி கூப்பிட்டால் நிறுத்தலாம், வந்து விட்ட இடத்திலிருந்தே பார்க்கலாம். சிக்னல் மெலிந்த இடங்களில் இருப்பவர்களுக்காக அதே பாடம் ஆடியோவாக மட்டும், பக்கத்தில் இன்னொரு பெட்டியில். ஓடுவதற்கு முன்னால் பெட்டியில் தெரிகிற படத்தைக்கூட அவளே பொறுக்குவாள். இல்லாவிட்டால் ஓர் ஆசிரியர் கண்ணை மூடி வாயைப் பிளந்தபடி அந்தப் பெட்டியில் நின்றுகொண்டிருப்பார், பாவம், கொட்டாவிப் பாடம் எடுப்பவர் மாதிரி.

இத்தனைக்கும் மேல் அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எழுத்து இல்லாத குரலைப் பக்கத்தில் ஏற்ற மாட்டாள். வீடியோ என்றால் பேசுகிற வார்த்தைகள் அடியில் ஓட வேண்டும். ஆடியோ என்றால் பேசியது முழுவதும் கீழே எழுத்தில் இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இது எரிச்சல். பேசுவதோடு நிற்காமல் பேசியதை எழுதியும் கொடுக்க வேண்டுமே! "உனக்காக எல்லாரும் எழுதணுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "எனக்காக இல்ல. தூங்குற நோயாளி பக்கத்துல உக்காந்து படிக்கிறாங்களே, அவங்க எப்படி சத்தமா வச்சுக் கேப்பாங்க?" என்று எழுதிக் காட்டியிருக்கிறாள்.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? "காது கேக்காதவளுக்கு ஆடியோ வேலையா?" என்று சித்தப்பா வீட்டுக்கே வந்து சிரித்தார். "ஏன் சித்தப்பா, உங்க பையன் கணக்குல பெயிலாகிட்டு பேங்க்ல உக்காந்திருக்கலையா?" என்றேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. நல்லதுதான்.

அவள் எப்படிச் செய்கிறாள் என்று நானே ஒருநாள் போய்ப் பார்த்தேன். கணினித் திரையில் குரல் ஒரு பச்சைக் கோடாக ஓடுகிறது. பேசினால் கோடு மேலும் கீழும் புடைக்கிறது, நிறுத்தினால் தட்டையாகிறது. ஆசிரியர் கொடுத்த எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் புடைப்பு எந்த வாக்கியம் என்று விரலால் தொட்டுக்கொண்டே போகிறாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அது அபூர்வம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பிரின்சிபால் அம்மா நல்ல மாதிரி. கொஞ்சம் பயந்த சுபாவம், ஆனால் நியாயம் தெரிந்தவர். "இந்தப் பாடத்திட்டம் ஒழுங்கா ஏறி முடியட்டும், உன்னை நிரந்தரம் பண்ணிடறேன்" என்று குண்டூசியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து குண்டூசிக்குத் தரையில் கால் பாவவில்லை. "திரும்ப அந்த ஜன்னல் இல்லாத ரூமுக்குப் போகவே மாட்டேன்கா" என்று கையால் சொல்வாள். மிச்சமிருந்தது கடைசிப் பகுதி மட்டும்தான்: மூச்சைக் கவனிப்பது. அதை எடுப்பவருக்கு மாணவர்கள் வைத்த பெயரே மூச்சு சார்.

மூச்சு சார் ஆடியோவை அனுப்பினார், எழுத்தையும் அனுப்பினார், முணுமுணுத்துக்கொண்டே. குண்டூசி கோட்டையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். எழுத்து முடிந்த பிறகும் கோடு கொஞ்ச தூரம் புடைத்துப் புடைத்துப் போனது. நடைவழியில் அவரை நிறுத்தி, எழுதிக் காட்டிக் கேட்டாள்: இதற்குப் பிறகும் ஏதோ பேச்சு இருக்கிறதே, என்ன அது? அவர் நடந்துகொண்டே, "எல்லாம் பாடம்தான்மா, அப்படியே போடு. மிச்ச எழுத்தை நாளைக்குத் தர்றேன்" என்றார். அவர் உதட்டைப் படித்து, நம்பி, போட்டாள். தன் சட்டத்தை அவள் தளர்த்தியது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் காலை என் கூண்டுக்கு வெளியே பெஞ்சில், வெள்ளைச் சீருடை போட்ட ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தமாகத்தான் வைத்திருந்தாள். என் தங்கை பதித்த பாடம் என்று எனக்கு ஒரே பெருமை. ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்துக் கேட்டேன். மூச்சு சார் பாடத்தை முடித்தார். ஒரு நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் அவர் யாரிடமோ போனில் பேசுகிற குரல். பதிவை நிறுத்த மறந்திருக்கிறார், மனுஷன்.

"ஆமாப்பா, பதிவு பண்ணிட்டேன். எழுதி வேற கொடுக்கணுமாம். காது கேக்காத பொண்ணுகிட்ட ஆடியோ வேலையைக் கொடுத்திருக்காங்க, எங்க பிரின்சிபால் புத்தியை என்ன சொல்ல? நான் நடுவுல பாட்டுப் பாடினாக்கூட அது அப்படியே தூக்கி மாட்டிடும்."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இது என்ன பாடம்மா?" என்றேன்.

"மூச்சு சார் பாடங்க. கடைசியில கேட்டீங்களா? எங்க குரூப் முழுக்க இதைத்தான் போட்டுப் போட்டுச் சிரிக்கிறாங்க. பாவம், அந்தப் பொண்ணு யாரோ."

அந்தப் பொண்ணு யாரோவா! தன்னைத் திட்டிய வார்த்தையைத் தன் கையாலேயே அலங்காரமாகப் பெட்டியில் வைத்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள் என் குண்டூசி. அது அவளுக்குத் தெரியாது. என் ஷிப்ட் முடிகிற நேரம்; அடுத்த ஆள் வந்ததும் மைக்கை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினேன். ஆட்டோக்காரரை விரட்டி விரட்டிப் பயிற்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பிரின்சிபால் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பிரின்சிபால் அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உதடும் தெரியாமல் நடுவில் குண்டூசி, மடியில் மடிக்கணினியோடு, கோயில் சிலை போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லவேளை வந்தேம்மா" என்றார் பிரின்சிபால் அம்மா. "மாணவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அந்த ஆடியோவை எடுத்துடுன்னு எழுதிக் காட்டினேன். ஏன்னு காரணம் சொன்னாத்தான் எடுப்பேன்னு உக்காந்திருக்கா. அந்தக் காரணத்தை எப்படிம்மா நான் என் கையால எழுதுவேன்?"

மூச்சு சார் தொண்டையைச் செருமினார். "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன், காதால கேட்டுச் சரிபாக்குற ஆள் வேணும்னு..."

பிரின்சிபால் அம்மாவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எனக்கும் அப்படித்தான் தோணுதும்மா. ஆடியோவை வேற யாராவது பாக்கட்டும். இவ டைப்பிங் பாக்கட்டும். நிரந்தரம் பண்ற விஷயத்தை அப்புறம்..."

அப்புறமாவது விழுப்புரமாவது! "காது நல்லா கேக்குறவங்க இத்தனை பேர் இருக்கீங்களே, அந்த ஆடியோவைக் கடைசி வரைக்கும் யாரு கேட்டீங்க?" என்று கத்தினேன். வாசலில் போய்க்கொண்டிருந்த பியூன் நின்றுவிட்டார். "எழுத்துக்கு மேல பேச்சு போகுதேன்னு கண்டுபிடிச்சது யாரு? உங்ககிட்ட வந்து கேட்டது யாரு? சொல்லுங்க சார்!"

அவர் தரையிலிருந்து தலையை நிமிர்த்தினார். ஆள் மோசமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "கேட்டா. நான்தான் கவனிக்காம அப்படியே போடுன்னுட்டேன்" என்றார்.

குண்டூசி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன பேசிக்கிறீங்க? அந்தக் கடைசித் துண்டுல என்ன இருக்கு? நீ சொல்லு" என்று கேட்டன அவள் கைகள்.

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் கையால் சொன்னேன். வாழ்க்கையில் எத்தனையோ பஸ் ரத்தானதை அறிவித்திருக்கிறேன், எதுவும் இவ்வளவு கனமாக இருந்ததில்லை. அழுவாள் என்று நினைத்தேன். கண் சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "பாட்டு வேற பாடியிருக்காரா?"

"இல்லடி, பாடினாக்கூடன்னு சொன்னாரு."

"ரொம்ப நல்லது" என்றாள். பிறகு மடிக்கணினியை மூச்சு சார் பக்கம் திருப்பி, அந்தப் பக்கத்தில் ஆடியோ பெட்டிக்குக் கீழே எழுத்து முடிந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவள் கை சொன்னதை நான் வாயால் சொன்னேன். "தன் சட்டத்தை மீறினது தன் தப்புதானாம். இப்ப அதைச் சரி பண்ணணுமாம். மிச்ச எழுத்தை இன்னிக்குத் தர்றேன்னு நீங்க சொன்னீங்களாம். நீங்க பேசினதை நீங்களே அடிச்சுக் கொடுங்க சார். அதுக்கப்புறம் எடுக்கிறாளாம்."

மூச்சு சார் மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டார். 'ஆமாப்பா, பதிவு பண்ணிட்டேன்' என்று அடித்தார். 'எழுதி வேற கொடுக்கணுமாம்' என்று அடித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. வாயால் வழவழவென்று வந்த வார்த்தை கை வழியாக வர மறுத்தது. எழுந்து, குண்டூசியின் முன்னால் வந்து, முகத்தை நேராகக் காட்டி, மெதுவாகச் சொன்னார்: "என்னால முடியலம்மா. மன்னிச்சிடு."

குண்டூசி அவர் உதட்டைக் கடைசிவரை படித்தாள். தலையசைத்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள், பெட்டி மறைந்தது.

பிரின்சிபால் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ கேட்ட எழுத்தை நாம முதல்லயே கொடுத்திருந்தா இது நடந்திருக்காது" என்றார். "இனிமே இந்த நிலையத்துல யார் பேசினாலும் சரி, நானே பேசினாலும் சரி, எழுத்து வராம குரல் ஏறக்கூடாது. அதைப் பாத்துக்கிறது இவ பொறுப்பு. நிரந்தரப் பொறுப்பு." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை நான் கையால் சொல்வதற்குள் குண்டூசி அவர் உதட்டிலேயே படித்துவிட்டாள். என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

ஆனால் பாடம் அன்றைக்கே ஏற வேண்டும், மாணவர்கள் காத்திருக்கிறார்கள். கடைசித் துண்டை வெட்டிவிட்டுப் போடலாம் என்றார் பிரின்சிபால் அம்மா. மூச்சு சார்தான் வேண்டாம் என்றார். "என் குரலைக் கேட்டாலே சிரிப்பாங்க, பாடம் மண்டையில ஏறாது. வேற யாராவது படிக்கட்டும்." குண்டூசி யோசிக்கவே இல்லை. என்னைக் கை காட்டினாள்.

பதிவு அறை என்பது பழைய ஸ்டோர் ரூம். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு கட்டில், அதில் பயிற்சிக்கான பொம்மை நோயாளி, போர்வையைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு. எதிரே திரையைப் பார்த்தபடி குண்டூசி. 'மூச்சைக் காதால் மட்டும் கேட்காதீர்கள், கண்ணாலும் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனியுங்கள்' என்று தொடங்கினேன். உடனே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"கத்தாதே. கோடு கூரையில இடிக்குது."

அடக்கிக்கொண்டு படித்தேன். மறுபடியும் நிறுத்தினாள். "இது பஸ் ஸ்டாண்டு இல்ல. நோயாளி தூங்குறாரு." பொம்மையைக் காட்டினாள். இத்தனை வருஷம் வீட்டில் யாரும் சொல்லி நான் குரலைக் குறைத்ததில்லை, காது கேட்காத தங்கை சொல்லிக் குறைத்தேன். கடைசியில் அவளுக்குத் திருப்தி. கட்டைவிரலை உயர்த்தினாள். வாசலில் நின்றிருந்த பிரின்சிபால் அம்மாவிடம் திரும்பி, நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை நான் கொட்டித் தீர்த்தேன்.

திரும்பிப் பார்த்தால், குண்டூசி திரையையும் எழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டாள். எழுத்து முடிந்த பிறகும் பச்சைக் கோடு புடைத்துப் புடைத்துப் போயிருந்தது. பாடத்தைவிட உயரமாகவே.

"பதிவு நிக்கல. இது என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. வெட்டிப் போடு."

"எழுத்து?" கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். பிரின்சிபால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூச்சு சார்கூடச் சிரித்தார், அவருக்கென்ன, அவர் தப்பித்துவிட்டார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே, உட்கார்ந்தேன். எனக்குத் தட்டச்சு வராது. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, நான் பேசியதை அப்படியே அடித்தேன்:

'பாத்தீங்களாம்மா என் தங்கச்சியை? அவ காதுல விழாதுங்கிற தைரியத்துலதான் சொல்றேன், தெரிஞ்சா தலைகால் புரியாம ஆடுவா. இவளுக்கு அக்கான்னு சொல்லிக்கிறதை விட எனக்கு வேற பெருமை கிடையாது.'

குண்டூசி படித்தாள். நிமிரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு விரலை அந்தப் புடைப்புகளின் மேல் வைத்து, எழுத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாக நகர்த்தினாள். 'தங்கச்சி' என்ற இடம் எது, 'அக்கா' என்ற இடம் எது, 'பெருமை' எது என்று என்னைக் கேட்டுக் கேட்டுத் தொட்டாள். பெருமை என்ற இடத்தில் கோடு கூரையில் இடித்திருந்தது. அதற்கு மட்டும் அவள் திட்டவில்லை.

பாடத்தை ஏற்றினாள். அந்தத் துண்டை வெட்டினாள், ஆனால் அழிக்கவில்லை. தனக்கு மட்டும் தெரிகிற ஒரு பக்கம் வைத்திருக்கிறாள், அதில் பதித்துக்கொண்டாள். கீழே என் ஒற்றை விரல் எழுத்து, மேலே முக்கோணப் பொத்தான். இப்போதும் ஓய்வு கிடைத்தால் அந்தப் பொத்தானை அழுத்துவாள். கோடு ஓடி முடிகிற வரை பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நான் இருந்தால் என் உதட்டைப் பார்ப்பாள், கூடவே சொல்லச் சொல்லி. நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், கத்தாமல்.